தெரியாது என்று சொன்ன டாக்டர்

போன மாதம், என்னோடு வேலை பார்த்த இளம் நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். "சிஸ்டர், சேதி பாத்தீங்களா? மறதி நோய இனிமே ரத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிடலாமாம். நாம மல ஏறி எறங்கி ஒவ்வொருத்தரா உக்கார வெச்சி கேள்வி கேட்டுக்கினு கெடந்தமே, அந்தப் பாடெல்லாம் இனிமே இல்ல" என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். "அந்தக் கதைய எழுதி வைங்க சிஸ்டர், புதுசா வர்ற பசங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் சொல்கிற அளவுக்கு அது பழைய கதை இல்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

நான் கள்ளக்குறிச்சிக்காரி. நர்சிங் முடித்த கையோடு பிரசவ வார்டில் போட்டார்கள். தலைமுடி நரைக்கும்வரை அங்கேயே கழிந்தது. முழங்கால் தேய்ந்து, இரவு ட்யூட்டிக்கு உடம்பு ஒத்துழைக்காமல் போனபோது, முதியோரின் மறதியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். ரத்தம் எடுக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், வீடு வீடாக உடன் செல்ல வேண்டும். உட்கார்ந்த வேலை என்று நினைத்தேன். கல்வராயன் மலையில் இருபது ஊர்களும் அந்த வேலையில் அடக்கம் என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள்.

என் மேலதிகாரி என் மகளைவிடச் சின்னவள். பெயர் தேன்மொழி. ரிஷிவந்தியம் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பம். மூளை பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கி, அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்? ஜீப்பை விட்டு இறங்கியதும் "டாக்டரம்மா, முட்டி வலிக்கு எதுனா குடு" என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று, "நான் மாத்திரை குடுக்கற டாக்டர் இல்லீங்க, இவங்க நர்ஸு, இவங்கள கேளுங்க" என்று என்னைக் காட்டுவாள். சும்மா தலையாட்டிவிட்டு நகர்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். அது மட்டும் அவளால் முடியாது.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பெரியவர் கட்டிலில் இருந்தால் இவள் தரையில் உட்காருவாள். தன் முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி இடம் பார்ப்பாள். வீட்டு ஆட்களை வெளியே அனுப்புவாள். டி.வி.யை நிறுத்தச் சொல்வாள். பிறகு பத்து வார்த்தைகளை ஒரே வேகத்தில், ஒரே குரலில் சொல்வாள். அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடியும் கேட்பாள். சரி என்றோ தப்பு என்றோ அவள் முகம் காட்டாது. பதில் வராவிட்டால் காத்திருப்பாள். அந்த அமைதி எனக்குத் தாங்காது. பிரசவ வார்டில் வாயைத் திறந்தே வேலை செய்து பழகியவள் நான். ஒருநாள் ஒரு பாட்டி வார்த்தை வராமல் திணறியபோது "மாடு... வண்டி..." என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். தேன்மொழி பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே வந்த பிறகு, "சிஸ்டர், நீங்க எடுத்துக் குடுத்தா அது உங்க ஞாபகம். எனக்கு அவங்களுது வேணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டியின் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்காக மட்டும் வேறு வார்த்தைகளோடு இன்னொரு நாள் தனியாக வந்தாள்.

இந்தச் சின்ன வயதில் இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று தேன்மொழியை எல்லாரும் கேட்பார்கள். வீட்டில் யாருக்காவது மறதி வந்திருக்கும், அதைப் பார்த்து மனம் நொந்து வந்திருப்பாள் என்று எதிர்பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். "எங்க வூட்ல எல்லாருக்கும் ஞாபக சக்தி ஜாஸ்தி சிஸ்டர். பத்து வருஷத்து சண்டைய இன்னும் மறக்கல" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "காலேஜ்ல ஒரு மனுஷ மூளைய கையில குடுத்தாங்க. நான் நெனச்சத விட கனமா இருந்துச்சு. யாரோ ஒருத்தர் இதுலதான் அம்பது அறுபது வருஷம் வாழ்ந்திருக்காரு, இப்ப யாருன்னு இதப் பாத்து என்னால சொல்ல முடியலயேன்னு தோணிச்சு. அன்னைக்குப் புடிச்சது."

அவளுடைய வேலை வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்படும் வேலை. சித்திரை பிறந்தால் அவள் முகம் சுருங்கிவிடும். நீட்டிப்பு வருமா வராதா என்று ஆராய்ச்சியைச் சென்னையிலிருந்து நடத்தும் பேராசிரியருக்கே கடைசிவரை தெரியாது. அவளுடைய அம்மா ஜீப்பில் போகும்போது போன் செய்வார்: "படிச்சி முடிச்ச, இன்னும் வேல நெலக்கல. மாப்ள வூட்ல இன்னான்னு சொல்றது?" தேன்மொழி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளிமலை தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் ஒரு வீடு. அங்கே ஒரு மூதாட்டி எழுந்து எழுந்து காட்டுக்குள் போய்விடுகிறார் என்று, மகன் அவர் காலில் மாட்டு மணியைக் கட்டியிருந்தான். நாங்கள் போனபோது அந்த அம்மா எழுந்து நின்றார். மணி அடித்தது. உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்தாள். மூதாட்டி மணிச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சுற்றிலும் பார்த்தார்.

தேன்மொழி மதியம் வரை அவரோடு உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது மகன் கேட்டான்: "மருந்து இருக்குதா?"

"இதுக்கு சரி பண்ற மருந்து இன்னும் வரலீங்க."

"அப்ப எதுக்கும்மா இவ்ளோ தூரம் ஏறி வந்த?"

அந்த அம்மாவுக்கு இருந்த ரத்தசோகைக்கு நான் மாத்திரை கொடுத்தேன். மணிக்கயிறு அறுத்திருந்த புண்ணைக் கழுவிக் கட்டினேன். கயிற்றுக்குப் பதில் துணி வைத்துக் கட்டச் சொன்னாள் தேன்மொழி. எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மழைக்காலம் முடிந்து மறுபடி போனபோது அந்த வீட்டில் மணி மட்டும் ஒரு கன்றின் கழுத்தில் கிடந்தது. மகன் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அது எங்களை இன்னும் கஷ்டப்படுத்தியது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது நைனார்பாளையத்து வீடுதான்.

அய்யாக்கண்ணு என்று ஒரு விவசாயி. மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். எழுபதைத் தாண்டியவர். மனைவி செல்லம்மா. ஒரே மகன் முருகேசன், பக்கத்திலேயே குடும்பத்தோடு இருந்தான். முதல் தடவை போனபோது காலையில் அய்யாக்கண்ணு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மதியம் அதே மனிதர் தன் ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். மூலையைக் காட்டி, "அந்தப் பசங்களுக்கு சோறு போட்டியா?" என்று கேட்டார். மூலையில் யாரும் இல்லை. தேன்மொழி அதைக் குறித்துக்கொண்டாள். அல்சைமர் என்று ஏற்கெனவே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "எனக்கு அப்படித் தோணல சிஸ்டர்" என்று ஜீப்பில் சொன்னாள்.

அடுத்த வருடம் போனபோது செல்லம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"அவருக்கு என்னய தெரியல" என்றார்.

"மறந்துட்டாரா?"

"மறந்தா பரவால்லியே. பொண்டாட்டி ஞாபகமெல்லாம் இருக்குது. அது நான் இல்லன்றாரு. 'அவ மாரியே இருக்கற, அவ பொடவைய கட்டிக்கினு இருக்கற, ஆனா நீ அவ இல்ல'ன்றாரு."

அதை நாங்களே பார்த்தோம். செல்லம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அய்யாக்கண்ணு மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார். "ஏம்மா, பொழுதோட உங்க வூட்டுக்குப் போய்டும்மா. நான் தனி ஆளு. ஊர்ல நாலு பேரு ஒண்ணு பேசுவாங்க. உனக்குத்தான் கெட்ட பேரு" என்றார். திட்டியிருந்தால்கூட அந்த அம்மாவுக்குத் தாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். சொந்த வீட்டில், இரவில் அவர் இருக்கும் அறைக்குள் போக முடியாமல் செல்லம்மா மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பும் நேரம். செல்லம்மா பின்பக்கம் போயிருந்தார். அங்கிருந்து யாரையோ கூப்பிட்டார். கட்டிலில் இருந்த அய்யாக்கண்ணு சட்டென்று நிமிர்ந்தார். "செல்லம், எங்கடி போன? வா" என்றார். முகமே மாறிவிட்டது. அந்த அம்மா ஓடிவந்தார். வாசற்படியில் அவரைக் கண்டதும் பெரியவர் முகம் அணைந்துபோனது. "நீயாம்மா" என்றார்.

தேன்மொழி அப்படியே நின்றாள். பிறகு அந்த அம்மாவைத் தனியாக அழைத்துப் போனாள்.

"அம்மா, அவருக்கு உங்க குரல் தெரியுது. மொகத்தப் பாக்கும்போதுதான் தடுமாறுறாரு. மொகம் காட்டாம பேசிப் பாருங்க. போன்ல பேசுங்க."

"எந்த ஊருக்குப் போயி போன் பண்றது?"

"எந்த ஊரும் வேணாம்மா. கொல்லையில உக்காந்து பேசுங்க."

அன்றிலிருந்து செல்லம்மா தினமும் சாயங்காலம் கொல்லையில் மோட்டார் ரூம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மகனின் பழைய போனிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் புருஷனுக்குப் போன் செய்தார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ எப்ப வருவ?"

"வந்துடறேன். சோளத்துக்கு தண்ணி கட்டினானா முருகேசன்?"

"கட்டினான். ஏய், இங்க ஒரு அம்மா இருக்குது. நல்ல அம்மாதான், பாவம். நேரத்துக்கு சோறு போடுது. ஆனா நீ வந்துடு."

"வரேன்."

"எம்மேல கோவமா போனியா?"

செல்லம்மா போனை மார்போடு அழுத்திக்கொண்டார். மறுபடி காதில் வைத்து, "கோவம் இன்னா கோவம். வந்துடறேன்" என்றார்.

தேன்மொழி செய்த வைத்தியம் என்று ஏதாவது இருக்குமானால் அது இதுதான். அவளுக்கு அதில் பெருமையில்லை. "பொய் சொல்ல சொல்லிக் குடுத்துட்டேன் சிஸ்டர்" என்றாள்.

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு வேலையும் இருந்தது. நோயாளி இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குத் தர முடியுமா என்று, அவர் உயிரோடு இருக்கும்போதே குடும்பத்திடம் கேட்க வேண்டும். அறிகுறியை வைத்து நோயை ஊகிக்கத்தான் முடியும், மூளையைப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். பேராசிரியர் சென்னையிலிருந்து போனில் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "எத்தனை பேர் ஒத்துக்கிட்டாங்க?" தேன்மொழி யாரும் இல்லை என்பாள். கேட்டாளா என்றால், இன்னும் இல்லை என்பாள். கடைசியில் ஒருநாள் அய்யாக்கண்ணு வீட்டில் கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. இறந்தபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம், தலையின் பின்பக்கம் திறந்து மூளையை எடுத்துக்கொண்டு தைத்துக் கொடுத்துவிடுவோம், முகம் மாறாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும், இதனால் உங்கள் குடும்பத்துக்கு ஒரு லாபமும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

முருகேசன் எழுந்துவிட்டான். "எங்கப்பா உள்ள உசுரோட உக்காந்துக்கினு இருக்காரு. செத்தா மண்டையத் தரியான்னு கேக்கறீங்க. உங்களுக்கே நல்லா இருக்குதா?"

"நல்லா இல்லீங்க" என்றாள் தேன்மொழி. "முடியாதுன்னா முடியாதுதான். நான் மறுபடி கேக்க மாட்டேன்."

அவள் மறுபடி கேட்கவே இல்லை. செல்லம்மாதான் பல மாதம் கழித்துத் தானாகச் சொன்னார்: "எடுத்துக்கம்மா. அவரு என்னய எங்க தொலச்சாருன்னு பாரு." மகனை அவரே பேசி ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்.

மார்கழியில் அய்யாக்கண்ணு போய்விட்டார். விடிந்ததும் போன் வந்தது. ஐஸ் பெட்டி வண்டியில் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் பிணவறை வாசலில், "அறுத்துத் தர்ற உடம்புக்கு நான் மால போட மாட்டேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். முருகேசன் தலைகுனிந்து நின்றான். உள்ளே நானும் தேன்மொழியும் இருந்தோம். பயிற்சி பெற்ற டாக்டர் மூளையை எடுத்தார். தேன்மொழி இரண்டு கைகளிலும் வாங்கினாள். எடை பார்த்தாள், பெயருக்குப் பதில் எண் ஒட்டி, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பெட்டியில் வைத்தாள். வேலை முடிந்ததும் பெரியவரின் தலைக்கு நானே துணி கட்டினேன், வயலுக்குப் போகும்போது அவர் கட்டும் தலைப்பாகை மாதிரி. தேன்மொழி பக்கத்தில் வந்து, நெற்றியில் துணி ஏறியிருந்ததைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். செல்லம்மா குனிந்து முகத்தை வெகுநேரம் பார்த்தார். இப்போது அவர் "நீயாம்மா" என்று ஒதுங்கப் போவதில்லை. அந்த அம்மா அன்று இரவு முழுக்க அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு முருகேசன் சொன்னான்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. தேன்மொழி சந்தேகப்பட்டது சரி. அல்சைமர் இல்லை, லூயி பாடி என்ற வேறு நோய். இந்த நோய்க்காரர்களுக்குச் சில தூக்க மருந்துகளும் சாந்தப்படுத்தும் ஊசிகளும் ஆகவே ஆகாது. அதே மாதிரி அறிகுறி இருந்தவர்களின் வீடுகளுக்கு நாங்கள் தேடிப் போய் அதைச் சொன்னோம். அந்த மூளையால் அந்த அளவுக்குப் பலன் இருந்தது.

நைனார்பாளையத்துக்கு நேரில் போய்ச் சொன்னோம். செல்லம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"பாத்தீங்களே, அதுல எங்கனா நான் இருந்தனா?"

"இருந்தீங்கம்மா, இல்லாம எங்க போவீங்க?" என்று நான் முந்திக்கொண்டேன். தேன்மொழி என்னைப் பார்க்கவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "எது கெட்டுப் போயிருக்குன்னு தெரியுது. அதுல யாரு இருந்தாங்கன்னு பாக்க எங்களுக்கு இன்னும் வழி தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் செல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர் எம்மேல பாசத்துல சொல்றாங்க. நீ மெய்ய சொல்ற. நான் செத்தா என்னுதையும் எடுத்துக்க. அதுல அவரு இருப்பாரு. நீ சின்ன வயசு, பொறுமையா பாரு. இன்னைக்கு இல்லன்னா பின்னால தெரியும்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். அன்று ஜீப்பில்தான் தேன்மொழி அழுததை முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த சித்திரையில் நீட்டிப்பு வரவில்லை. ஆராய்ச்சி நின்றது. ஜீப் போனது, ஆபீசைக் காலி செய்தோம். எனக்கு எப்படியும் ஓய்வு பெறும் வயது. தேன்மொழி சென்னையில் மருந்துக் கம்பெனிக்கு அறிக்கை தயாரிக்கும் ஒரு ஆபீசில் சேர்ந்தாள். அவளுடைய அம்மாவுக்கு நிம்மதி. ஆராய்ச்சி வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டேதான் இருந்தாள். வரும் பதிலை என்னிடம் சொல்வாள். பெரும்பாலும் பதிலே வராது.

போன ஐப்பசி மழையில் முருகேசன் எனக்குப் போன் செய்தான். செல்லம்மா சோளக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உயிர் போய்விட்டது. அவன் அழவில்லை.

"சிஸ்டர், அம்மா சொல்லி வெச்சிருந்துச்சி. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன், யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. வண்டி எப்ப வரும்?"

தேன்மொழியைக் கூப்பிட்டேன். "கொஞ்ச நேரம் குடுங்க சிஸ்டர்" என்றாள். பேராசிரியரைக் கேட்டாள், ஆய்வுக்கூடத்தைக் கேட்டாள், எடுக்கத் தெரிந்த டாக்டர்களைக் கேட்டாள். நடக்காத ஆராய்ச்சிக்கு யாரும் அனுமதி தர முடியாது. யார் மேலும் தப்பில்லை. மத்தியானம் திரும்பக் கூப்பிட்டாள். "முடியல" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேன் முருகேசன்கிட்ட" என்றேன்.

"வேணாம் சிஸ்டர். கேட்டது நான். நான்தான் சொல்லணும்."

அப்போதே முருகேசனுக்குப் போன் செய்து வண்டி வராது என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முன்தினமே எல்லாம் முடிந்திருந்தது. முருகேசன் மொட்டைத் தலையோடு பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்பு கேட்டாள். அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அப்ப அப்பாவுது?" என்றான். "ஆபீஸ மூடிட்டீங்களே. அது எங்க இருக்குது? தூக்கிப் போட்டுட்டாங்களா?"

"ஆய்வுக்கூடத்துல இருக்கணும்ங்க."

"இருக்கணும்னா? உங்களுக்கு தெரியுமா?"

"தெரியல" என்றாள் தேன்மொழி.

அங்கேயே உட்கார்ந்து அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டாள். அவர் பெயரை அங்கே சொல்லக் கூடாது, எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த எண் மனப்பாடமாக இருந்தது. எடுத்தவர் யாரோ புதியவர், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். போனைக் காதில் வைத்தபடியே அவள் காத்திருந்தாள். பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். முருகேசன் அவள் முகத்தைப் பார்த்தான். பெரியவர்கள் பதிலுக்குத் திணறும்போது எப்படிப் பேசாமல் காத்திருப்பாளோ அப்படித்தான் அப்போதும் இருந்தாள்.

கடைசியில் மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "தேங்க்ஸ்" என்று போனை வைத்தாள். முருகேசன் பக்கம் திரும்பினாள்.

"இருக்காருங்க" என்றாள்.